மேட்டுல பத்தொம்பது வெள்ளவேலா

கருவேலாவும் வெள்ளவேலாவும் ஒண்ணுதான்னு சொல்லறவங்க இன்னைக்கும் இருக்கறாங்க. இருந்துட்டுப் போகட்டுங்க. எலுமிச்சையும் நாரத்தையும் ஒண்ணுன்னு சொல்லறவங்க ஊட்டுல எப்படி ஊறுகா போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அந்த ரண்டு மரத்துக்கு அடியிலயும் நாப்பது வருசம் ஆடு மேச்சவன். எங்கிட்ட வந்து ஒண்ணுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஜீப்புல வந்து சொன்னாலும் சரி, காயிதத்துல எழுதிக் கொண்டாந்து சொன்னாலும் சரி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் சொல்லச் சொல்ல எம்பட மருமவ எழுதறா. "மாமா, விசயத்துக்கு வாங்க"ங்கறா. வாரேன் அம்மிணி. மரத்தைச் சொல்லாம விசயத்தைச் சொன்னா ஆருக்குப் புரியும்.

ரண்டும் அண்ணந்தம்பி மரம், அதுல எனக்குச் சண்டை இல்லீங்க. ரண்டுக்கும் முள்ளு ஜோடி ஜோடியா வரும். ரண்டுக்கும் எலை பொடிப்பொடியா இருக்கும். தூரத்துல நின்னு பாத்தா ஒரே பச்சைதான். கிட்டத்துல வந்தாத்தான் தெரியும். கருவேலாவோட பட்டை கருப்பா, மழை காங்காத காடாட்டம் வெடிச்சு வெடிச்சு இருக்கும். வெள்ளவேலாவுக்கு வெளுப்பா இருக்கும். கையில தடவுனா வழுவழுங்கும், சுண்ணாம்பு பேந்த செவுத்தாட்டம் அங்கங்க ஓடு உரிஞ்சு நிக்கும். கருவேலாப் பூ மஞ்சத்தூளைக் கொழச்சு உருட்டி வெச்ச மாதிரி குண்டு குண்டா இருக்கும். வெள்ளவேலா ஆவணி புரட்டாசியில பூத்துதுன்னா மரத்து உச்சியில பாலு பொங்கி நுரை நிக்கற மாதிரி இருக்கும். காயும் அப்படித்தான். கருவேலாக் காய் மணி கோத்தாப்பல வெதைக்கு வெதை இடுப்பு சிறுத்திருக்கும். வெள்ளவேலாக் காய் பட்டையா, செத்த வளைஞ்சு, தேஞ்சுபோன அருவாளாட்டம் தொங்கும்.

கருவேலாவை நான் கொறை சொல்லலீங்க. கலப்பைக்கு அதை மாதிரி மரம் கெடையாது. வண்டிக்கு ஆகும், கரிக்கு ஆகும். பிசின் எடுத்துத் திங்கலாம். எனக்கு இன்னும் வாயில இருவது பல்லு சொந்தப் பல்லுங்க, அத்தனையும் கருவேலாக் குச்சியோட தயவு. தண்ணிக்குள்ளயும் நிக்கும் அது. ஆறு மாசம் முழங்காலு தண்ணியில நின்னாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. வெள்ளவேலாவுக்கு அந்தக் கதை ஆகாதுங்க. அது மேட்டு மரம். கால்ல தண்ணி தேங்கி நின்னா செத்துப்போகும். ஆனா கொடை விரிச்சாப்பல நிக்கும். நெழலு சல்லடை மாதிரி. வெயிலும் எறங்கும், மழையும் எறங்கும், அதனால அடியில கொழுக்கட்டைப் புல்லு நல்லா வரும். புல்லெல்லாம் தீஞ்சு போனதுக்கப்பறம், பங்குனி சித்திரையில, மரம் பாட்டுக்குக் காயை உதுக்கும். ஊரு பூராவும் காஞ்சு கெடக்கறப்ப மேல இருந்து தீனி உழுகற மரம் அது.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

தொண்ணூத்தஞ்சோ தொண்ணூத்தாறோ இருக்கும். சூலூருலருந்து பல்லடம் போற பக்கத்துல எங்கூரு. ஊட்டுக்கு ஊடு தறி வந்துட்டிருந்த சமயம். எங்க திரும்புனாலும் தடதடன்னு சத்தம். நடுவுல ஏரோப்ளேன் வேற, தலைக்கு மேல தாழ எறங்கும். என்ற ஆடுக ஏரோப்ளேனை நிமிந்துகூடப் பாக்காதுங்க, ஆனா சைக்கிள் பெல்லு அடிச்சா செதறி ஓடும். எதுக்குப் பயப்படோணும்னு அதுகளுக்கு ஒரு கணக்கு இருக்குது, நாம சொன்னாக் கேக்காது.

எனக்குச் சொந்தமா ஒரு சாணு காடு இல்லீங்க. முப்பத்தி நாலு வெள்ளாடு இருந்துச்சு, எங்கூட்டுக்காரி இருந்தா, பட்டி போட ஒரு படலு இருந்துச்சு. ஊருக்கு மேக்கால ஒரு குட்டை. குட்டைக்குள்ள பாரஸ்ட்டு ஆபீசுல இருந்து எப்பவோ நட்டுட்டுப் போன கருவேலா நாப்பத்தி ஒண்ணு. குட்டைக்கு அக்கட்ட ஒரு மேடு, பொறம்போக்கு. அதுல வெள்ளவேலா பத்தொம்பது. அதை ஆரும் நடலீங்க. ஆட்டுப் புழுக்கையில வந்து மொளச்ச மரம். காயைத் தின்னுட்டு ஆடு போடற புழுக்கையில வெதை இருக்குமில்லீங்க, அது சும்மா போட்ட வெதையை விட நல்லா மொளைக்கும். எனக்கு முன்ன அங்க மேச்சவங்களோட ஆடுக நட்டது.

அந்தப் பத்தொம்பது மரத்தை வெச்சுத்தான் எங்க கோடை ஓடுச்சு. வைகாசி மழை வரைக்கும் தொரட்டியில அலசி அலசிக் காய் உதுத்துப் போட்டா ஆடு தாங்கும், செனை ஆடு குட்டி ஈனும். அந்த மரம் இல்லீன்னா பங்குனியோட ஆட்டை வித்துப்போட்டு, ரண்டு பேரும் தறிக்குப் போகோணும். வேற வழி கெடையாது. எங்கூட்டுக்காரி அதையே அப்பப்பச் சொல்லுவா. "தறிக்குப் போனா கரண்டு நின்ன அன்னைக்காச்சும் லீவு உடுவாங்க. உங்க ஆடு என்னைக்கு லீவு உட்டுச்சு?" சொல்லிப்போட்டு அவளேதான் வெடியால எந்திரிச்சுப் படலைத் தொறப்பா.

எண்ணறதுல எனக்கு ஒரு கர்வம் உண்டுங்க. காலையிலயும் பொழுதோடயும் தொரட்டியைக் குறுக்கால நீட்டி, ஆட்டை ஒவ்வொண்ணா தாண்ட உட்டு எண்ணுவேன். லாபம், ரண்டு, மூணு, நாலு. ஒண்ணுன்னு சொல்ல மாட்டோமுங்க, லாபம்னுதான் ஆரம்பிக்கோணும். ஒரு உருப்படி கொறஞ்சா எனக்குச் சோறு எறங்காது. ஆட்டை மட்டுமில்ல, கண்ணுல படறதையெல்லாம் எண்ணிப்போடுவேன். கம்பத்தை, கெணத்துப் படியை, மரத்தை. எழுதத் தெரியாதவனுக்குத் தலைதான் நோட்டு.

அந்தக் கர்வந்தான் என்னைக் கவுத்துச்சு.

தை மாசம், குட்டையில இன்னும் முழங்காலு தண்ணி. ஆபீசுல இருந்து ஜீப்புல ஒருத்தரு வந்தாரு, குட்டை மரத்தை ஏலம் உடறதுக்குக் கணக்கெடுக்க. கரையில நெழலாப் பாத்து நின்னு எளநி குடிச்சாரே ஒழிய கீழ எறங்கலை. பூட்ஸு போட்டிருந்தாரு, சேத்துல எப்படி எறங்குவாரு பாவம். என்னைப் பாத்தாரு.

"ஏப்பா, ஆட்டுக்காரா. இங்க வா."

"வாரேனுங்க."

"உள்ள எத்தனை மரம் இருக்கும்?"

"நாப்பத்தி ஒண்ணுங்க."

"எண்ணியிருக்கியா?"

"தெனமும் பாக்கறதுதானுங்க."

"அக்கட்ட தெரியுதே, அங்க?"

"பத்தொம்பதுங்க."

"ஆக அறுவது"ன்னு சொல்லி எழுதிக்கிட்டாரு. "கெட்டிக்காரன்தான்"னு ஒரு வார்த்தை வேற. நான் சந்தோசமா ஊட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். ஆபீசருக்கு நான் கணக்குச் சொன்னேன்னு. அவ அடுப்புல இருந்து தலையைத் திருப்பாமக் கேட்டா, "குட்டை மரத்தை எண்ண வந்தவரு மேட்டு மரத்தை ஏனுங்க கேட்டாரு?"

"எல்லாத்தையும் எண்ணறாங்க. ஊருல மனுசனைக்கூட எண்ணறாங்க"ன்னு சொல்லிப்போட்டேன். அவளுக்கு இருந்த மூளை அன்னைக்கு எனக்கு இல்லை.

மாசியில தண்டோராப் போட்டு ஏலம் உட்டாங்க. பல்லடத்துப் பக்கமிருந்து ஒரு காண்ட்ராக்டர் எடுத்தாரு. பங்குனியில குட்டை காஞ்சதும் ஆளும் லாரியுமா வந்து எறங்கி, பத்து நாள்ல நாப்பத்தி ஒண்ணையும் சாச்சுப்போட்டாங்க. நான் ஒரு வார்த்தை பேசலீங்க. அது ஆபீசு நட்ட மரம், ஆபீசு வித்துது. விழுந்த தழையை ஆட்டுக்கு எடுத்துக்கச் சொன்னாங்க, எடுத்துக்கிட்டேன்.

பதினோராம் நாளு நான் ஊருல இல்லை. ஒரு கெடாயை வித்துட்டு வரச் சந்தைக்குப் போயிருந்தேன். பஸ்ஸு எறங்கிப் பொழுதோட நடந்து வாரேன், மேட்டுல ஒரு எடம் வெளிச்சமா இருக்குது. வானம் தெரியக் கூடாத எடத்துல வானம் தெரியுது. கிட்டப் போய்ப் பாத்தா மரத்துலயே பெரிய மரம், மத்தியானத்துல ஆடுக பூராவும் படுத்து அசை போடற மரம், படுத்துக் கெடக்குது. முப்பத்தி மூணு ஆடும் அது மேல ஏறி நின்னுக்கிட்டு, பச்சைக் காயும் தழையுமாத் தின்னுட்டிருக்குதுக. அதுகளுக்கு நோம்பி, தீவாளியாட்டம். எட்டாத உச்சியெல்லாம் தரைக்கு வந்திருச்சே. எனக்கு அந்த ஆட்டு மேலயும் கோவம் வந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது.

எங்கூட்டுக்காரி பக்கத்து மரத்துக்கு அடியில உக்காந்திருந்தா. சத்தம் போட்டிருக்கா, "லிஸ்ட்டுல இருக்குது அம்மிணி"ன்னு சொல்லி வெட்டிப்போட்டாங்க. ரண்டாவது மரத்துக்குப் போனப்ப அவ ஆட்டை ஓட்டி அந்த மரத்தைச் சுத்தி உட்டுட்டு நடுவுல உக்காந்துக்கிட்டா. ஆட்டு மேலயும் பொம்பளை மேலயும் மரத்தைச் சாய்க்க முடியுங்களா? பொழுது போறவரைக்கும் பாத்துட்டு, காலையில வாரோம்னு போயிட்டாங்க.

"லிஸ்ட்டுல எப்படி வந்துச்சு?"ன்னு நான் கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. அப்பத்தான் எனக்கு அந்த "ஆக அறுவது" ஞாபகம் வந்துச்சு. நாப்பத்தி ஒண்ணும் பத்தொம்பதும் அறுவது. நான் சொன்ன கணக்கு. கருவேலா அறுவதுன்னு எழுதிப்போட்டாரு மனுசன்.

"உங்க வாயில வந்த கணக்கு. உங்க வாயிலயே திருப்பி எடுங்க"ன்னா.

"திருப்பி எடுக்க மாட்டேன். கணக்கு சரி"ன்னேன்.

"இந்த ரோசத்தை வெச்சு ஆட்டுக்குத் தீனி போடுங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

மக்யா நாளு வெடியாலயே ஆட்டை ஓட்டிட்டு மேட்டுக்குப் போயிட்டேன். காண்ட்ராக்டர் வந்தாரு. என்னை விடச் சின்னவரு, வெள்ளைச் சட்டை, கையில மோதிரம். மரியாதையான ஆளுதாங்க. நம்ம பக்கத்துல சண்டை போட்டாலும் ங்க போட்டுத்தானே போடுவோம்.

"ஏனுங்கண்ணா, ஆட்டைச் செத்த ஓட்டிக்கறீங்களா. மரம் சாய்க்கோணும்."

"ஓட்ட மாட்டேனுங்க."

"ஏனுங்க?"

"இது உங்க மரம் இல்லீங்களே."

"அப்ப உங்க மரமுங்களா?"

"என்றதும் இல்லீங்க. ஆடு நட்டது. கேக்கறதுன்னா அதைக் கேளுங்க."

அவரு சிரிக்கலை. சட்டைச் சோப்புல இருந்து காயிதத்தை எடுத்து விரிச்சாரு. "குட்டைக் கருவேலா, அறுவது உருப்படி. இங்க பாருங்க."

"இது கருவேலாங்களா?"

"வேலாதானுங்களே. முள்ளு குத்துனா ரண்டும் ஒரே மாதிரிதான் குத்துது."

கூட வந்த ஆளுக சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், நல்லாத்தான் சொன்னாரு. "சரிங்க. உங்க லாரியும் தண்ணி லாரியும் ஒரே மாதிரிதான் ஹாரன் அடிக்குது. தண்ணி லாரியில மரம் ஏத்துவீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கும் அவிங்க சிரிச்சாங்க. கூலிக்கு வந்தவங்களுக்கு ரண்டு பக்கமும் சிரிக்கலாம், அது ஒரு சவுகரியம்.

அப்பறம் பட்டையைத் தடவிக் காட்டினேன். கீழ கெடந்த காயைப் பொறுக்கிக் காட்டினேன், எங்க இடுப்பு சிறுத்திருக்குதுன்னு காட்டுங்கன்னேன். அவரு வாங்கிப் பாக்கவே இல்லை. கோடாலி வெச்சிருந்தவங்கள்ல வயசான ஆளு ஒருத்தரு, அதுவரைக்கும் வாயைத் தொறக்காதவரு, மெதுவாச் சொன்னாரு. "மொதலாளி, இது வேற மரந்தானுங்க. நேத்தைக்குக் கோடாலி வெச்சப்பவே தெரிஞ்சுது. வெளிச்சுத்து பூராவும் வெள்ளைங்க. பூச்சி பத்தும்."

"நேத்தைக்கே சொல்லறதுக்கென்ன?"

"நேத்தைக்கு நீங்க கேக்கலீங்களே."

காண்ட்ராக்டருக்கு மூஞ்சி மாறிடுச்சு. நான் செத்தக் கிட்டப் போய்ச் சொன்னேன். "இன்னொண்ணுங்க. சாராயம் காச்சறவங்க ஊறல்ல போடற பட்டை எதுன்னு தெரியுங்களா? இதுதான். பதினெட்டு மரத்தையும் பட்டையோட ஏத்திட்டுப் போனீங்கன்னா, வழியில போலீசு நிறுத்துனா, வெறகுன்னு சொல்லிப் பாருங்க."

"மெரட்டறீங்களாண்ணா?"

"இல்லீங்க. ரோட்டைப் பத்திச் சொல்லறேன்."

எனக்கு அந்தப் பட்டை விசயம் எப்படித் தெரியும்னு அவரு கேக்கலை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீயும் எழுத வேண்டாம் அம்மிணி.

ஆபீசரைக் கூட்டிட்டு வரச் சொல்லி அவரு ஒரு ஆளை மொபெட்டுல தாட்டி உட்டாரு. உச்சி வெயிலு வந்திருச்சு. எங்கூட்டுக்காரி போசியில கம்மங்கூழு கொண்டாந்தா, மோரு ஊத்தி, வெங்காயம் போட்டு. எனக்கு ஊத்துனா, அப்பறம் அவருக்கும் ஊத்தி நீட்டுனா. எதிராளியா இருந்தாலும் பசியோட நிக்க வெக்கறது எங்களுக்கு வழக்கமில்லீங்க. அவரு அந்தப் போசியை ஒரு பார்வை பாத்தாரு. எங்க ஊட்டுப் போசி. அந்தப் பார்வை என்னன்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நீட்டுன கையை அவ மடக்கலை. செத்த நேரங் கழிச்சு வாங்கிக் குடிச்சாரு. இன்னொருக்காவும் வாங்கிக் குடிச்சாரு.

ஆபீசர் வந்தாரு. அதே ஆளு. இந்தத் தடவை ஜீப்பு இல்லை, மொபெட்டுக்குப் பின்னால உக்காந்து, வேர்த்துக் கொட்டிட்டு.

"ஏப்பா, நீதானே அன்னைக்குப் பத்தொம்பதுன்னு சொன்னே?"

"ஆமாங்க."

"இப்ப இல்லைங்கறியாம்?"

"இப்பவும் பத்தொம்பதுதானுங்க. நேத்து வெட்டுனதையும் சேத்து."

"அப்பறம் என்ன தகராறு?"

"எத்தனைன்னு கேட்டீங்க, சொன்னேனுங்க. என்ன மரம்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

"வேலாதானே எல்லாம்."

"செத்த எறங்கி வாங்க"ன்னு சொல்லிட்டு நான் குட்டைக்குள்ள நடந்தேன். காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு, இப்ப பூட்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. வந்தாரு. இன்னும் லாரியில ஏத்தாத கருவேலாக் கட்டை அடுக்கிக் கெடந்துச்சு. ஒவ்வொரு அடிமரத்துலயும் முழங்காலு ஒசரத்துக்குச் சேத்துத் தடம், வேட்டிக்குக் கரை போட்டாப்பல. "இது தண்ணியில நின்ன மரமுங்க. உங்க காயிதத்துல இருக்கறது குட்டை மரம். இப்ப மேட்டுக்கு வாங்க. அங்க ஒரு மரத்துல, ஒரே ஒரு மரத்துல, இந்தத் தடத்தைக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நானே கோடாலி எடுத்துக் குடுக்கறேன்."

அவரு மேட்டைப் பாத்தாரு. கட்டையைப் பாத்தாரு. காண்ட்ராக்டர் கட்டைகிட்டக் குனிஞ்சு தடத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தொட்டுப் பாத்ததுக்கப்பறம் இல்லைன்னு எப்படிச் சொல்லறது?

"சரி, உட்டுரலாம்"ன்னாரு ஆபீசர். "நீ ஒரு எழுத்து மட்டும் குடுத்துரு." மொபெட்டு சீட்டு மேல காயிதத்தை வெச்சு எழுதுனாரு. எழுதி, படிச்சுக் காட்டுனாரு. குட்டையில இருக்கறது கருவேலா, மேட்டுல இருக்கறது வெள்ளவேலா, அது ஏலத்துல சேராதுன்னு, நல்லாத்தான் இருந்துச்சு. மைப்பொட்டி எடுத்து நீட்டுனாரு. பெருவிரல்ல மையும் தடவியாச்சு.

"ஏனுங்க"ன்னா எங்கூட்டுக்காரி, பொறத்தால இருந்து. "இன்னொருத்தரைப் படிக்கச் சொல்லுங்க."

அவிங்க அப்பன், எவனோ படிச்சுக் காட்டுனதை நம்பி ரேகை வெச்சு, இருந்த காட்டைப் போக்குனவரு. அந்த ஊட்டுல பொறந்தவ அவ. நான் காயிதத்தை எடுத்தேன்.

"நம்பிக்கை இல்லையா?"ன்னாரு ஆபீசர்.

"இருக்குதுங்க. காதுதான் செத்த மந்தம். இன்னொருக்காக் கேட்டுக்கறேன்." கொண்டு போய்க் காண்ட்ராக்டர்கிட்டக் குடுத்தேன். அங்க படிக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆளு அவரு மட்டுந்தான்.

அவரு மனசுக்குள்ள படிச்சாரு. ஆபீசரை ஒருக்காப் பாத்தாரு. அப்பறம் சத்தமாப் படிச்சாரு. "மேட்டு மரங்கள் ஏலத்தில் சேராது. மரங்களின் எண்ணிக்கையை நான் தவறாகச் சொல்லிவிட்டேன். இதனால் வரும் இழப்புக்கு நானே பொறுப்பு. இப்படி இருக்குதுங்கண்ணா."

எனக்காக அவரு படிக்கலீங்க, அது எனக்கும் தெரியும். அந்தக் காயிதம் அப்படியே போயிருந்தா, கொறஞ்ச பத்தொம்பது மரத்துக்கு அவரு என்னைத்தான் கேக்கோணும். எங்கிட்ட என்ன இருக்குது, ஆடும் தொரட்டியும். ஆபீசு தப்புன்னு இருந்தாத்தான் அவரு ஆபீசுல போய்க் கேக்க முடியும். இருக்கட்டுங்க. அவருக்கு வேண்டி உண்மையைப் படிச்சாலும் உண்மை உண்மைதானே.

நான் பெருவிரலை வேட்டியில தொடச்சுக்கிட்டேன். அந்தக் கறை கடைசி வரைக்கும் போகலை.

"எண்ணுனதுல தப்பு இல்லீங்க. அப்படி எழுதுன காயிதத்துல நான் ரேகை வெக்க மாட்டேன்."

"ஒரு வார்த்தைப்பா. அதுல என்ன போச்சு உனக்கு? உன்னை ஆரு வந்து கேக்கப் போறா?" அவரு குரலு இப்ப எறங்கி வந்திருச்சு. "உனக்கு மரம் வேணுமா, ரோசம் வேணுமா?"

"ரண்டும் வேணுமுங்க."

"ரண்டும் கெடைக்காது. எழுத்து இல்லீன்னா லிஸ்ட்டுல இருக்கறபடி வெட்ட வேண்டியதுதான்."

சொல்லறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க இப்ப. அப்ப நான் திரும்பவும் எண்ணிப் பாத்தேன். பதினெட்டு மரம், முப்பத்தி மூணு ஆடு, பொறத்தால நிக்கறா ஒருத்தி. ஒரு விரலை ஒத்தி எடுத்தா எல்லாம் தீந்துது. எழுத்துத் தெரியாதவனுக்கு அந்தக் காயிதத்துல என்ன இருந்தா என்னன்னு உங்களுக்குத் தோணும். எனக்கு அந்த எழுத்து மட்டுந்தான் தெரியாதுங்க. எண்ணிக்கை தெரியும். ஊருல என்னைப் பத்தி நல்லதாச் சொல்ல ஒரே ஒரு விசயம் இருந்துச்சு, அவன் எண்ணுனா ஒண்ணு கூடாது, கொறையாதுங்கறது. அதைத் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அடுத்த நாளு எந்த மூஞ்சியோட படலைத் தொறந்து ஆட்டை எண்ணறது?

நான் திரும்பி அவளைப் பாத்தேன். மொத நாளு திருப்பி எடுங்கன்னு சொன்னவதானே. அவ பக்கத்து மரத்துக்கு அடியில போய் மறுபடியும் உக்காந்துக்கிட்டா. ஆடுகளும் அவ பொறகால போச்சு.

"வெட்டச் சொல்லுங்க"ன்னேன் ஆபீசர்கிட்ட.

அந்த வயசான ஆளு கோடாலியைக் கீழ வெச்சுட்டு வெத்தலைப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பிச்சாரு. காண்ட்ராக்டர் காயிதத்தை நாலா மடிச்சு ஆபீசர் கையில குடுத்தாரு. "சார், எனக்கு இந்தப் பூச்சி மரம் வேண்டாமுங்க. கருவேலா அறுவதுன்னு எடுத்தேன். நாப்பத்தி ஒண்ணு இருக்குது. மீதியை ஆபீசுல வந்து பேசிக்கறேன். அண்ணன் சொல்லறபடியே எழுதிக் குடுத்துருங்க."

ஆபீசர் இன்னொரு காயிதம் எடுத்தாரு. இந்தத் தடவை நான் சொல்ல அவரு எழுதுனாரு. குட்டையில கருவேலா நாப்பத்தி ஒண்ணு. மேட்டுல வெள்ளவேலா பத்தொம்பது, அதுல ஒண்ணு தப்பா வெட்டுனது. கணக்குச் சொன்னவரு சரியாச் சொன்னாரு, எழுதிக்கிட்டது கருவேலான்னு ஆகிப்போச்சு. இதை எழுதறப்ப அவரு பேனா ரண்டு எடத்துல நின்னுச்சு. அது நிக்கறவரைக்கும் நானும் நின்னுட்டு, மறுபடியும் சொன்னேன். அவரு படிச்சாரு. காண்ட்ராக்டரை அந்தாண்டை கூட்டிட்டுப் போய்ப் படிக்கச் சொன்னேன். ரண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. விரல்ல மை காஞ்சு போயிருந்துச்சு, மறுபடியும் தொட்டு வெச்சேன்.

போறப்ப ஆபீசர், "உன்னை மாதிரி ஆளுகளாலதான் ஒரு வேலையும் நடக்கறதில்லை"ன்னாரு.

"ஆமாங்க. பாத்துப் போயிட்டு வாங்க"ன்னேன்.

அந்தக் கோடையில பதினெட்டு மரத்துக் காயும் வைகாசி வரைக்கும் வந்துச்சு. பத்தொம்பதாவது மரத்துக் காயை ஒரே நாள்ல தின்னு தீத்துட்டதால சித்திரைக் கடைசியில செத்தக் கையைக் கடிச்சுது, வேப்பந்தழையெல்லாம் ஒடச்சுப் போட்டோம். ஆட்டை விக்கலை. தறிக்கும் போகலை. அடிக்கட்டையை நான் தோண்டலை, கரையானுக்கும் உடலை. அது கணக்குல இருக்கற மரம்.

ரண்டு மூணு வருசங் கழிச்சு, கார்த்திகை மழை முடிஞ்ச சமயம், கரையில மறுபடியும் ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. வேற ஆளு. கண்ணாடியை எறக்கிட்டு, நல்ல மரியாதையாத்தான் கூப்புட்டாரு. "ஏனுங்க பெரியவரே, அக்கட்ட மேட்டுல எத்தனை மரமுங்க இருக்கும்?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. முழுங்கிக்கிட்டேன்.

"எறங்கி வாங்க. எண்ணிக்கலாம்."

"சேறா இருக்குதுங்களே."

"இருக்குதுங்க. பூட்ஸைக் கழட்டிப்போட்டு வாங்க."

"நீங்க சொன்னாலே போதுமுங்க, எழுதிக்கறேன்."

"நான் சொல்ல மாட்டேனுங்க."

ஜீப்பு செத்த நேரம் உறுமிக்கிட்டே நின்னுச்சு. அப்பறம் அடங்குச்சு. அந்த மனுசன் கீழ எறங்கி, பேண்டை முழங்காலுக்குச் சுருட்டி உட்டுட்டு, ஒவ்வொரு அடியா வெச்சுச் சேத்துல வந்தாரு. நான் தொரட்டியை நீட்டுனேன், புடிச்சுக்கிட்டு மேடேறுனாரு. மொதல்ல அடிக்கட்டைகிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

"இதுல இருந்து ஆரம்பிங்க"ன்னேன். "லாபம்."